இரண்டு சிப்பாய் கொடுத்து டிரா

டிரா என்றதும் "இரண்டு பேரும் பயந்துவிட்டார்கள்" என்று முகம் சுளிப்பவர்கள் டேனிஷ் கேம்பிட்டில் ஒரு வரிசையைப் பலகையில் வைத்துப் பார்க்கலாம். அதில் ராணியே வெட்டுப்படுகிறது. ஆட்டம் போய்ச் சேர்வது பெரும்பாலும் சமநிலையில்.

கேம்பிட் என்பது தொடக்கத்திலேயே சிப்பாயைத் தூக்கிக் கொடுப்பது. எதிரி அதைத் தின்கிற நேரத்தில் நம் காய்கள் களமிறங்கிவிடும். டேனிஷில் வெள்ளையின் கை ரொம்பவே தாராளம். டி4, சி3, பி2 என்று கறுப்புச் சிப்பாய் ஒன்றே மூன்றை விழுங்கி, கடைசியில் பி2வில் சாகும். கணக்கில் வெள்ளைக்கு இரண்டு சிப்பாய் நஷ்டம். பதிலுக்கு, சி4, பி2 கட்டங்களில் நிற்கும் இரண்டு பிஷப்புகளும் கறுப்பு ராஜா பக்கம் குறிபார்க்கும்.

வியன்னாக்காரர் கார்ல் ஷ்லெக்டர் இதற்குக் கண்ட மருந்து, தின்றதைக் கக்குவது. கறுப்பு டி5 என்று சிப்பாயை நீட்டுகிறது. பிஷப் அதை வெட்டியதும் குதிரை எஃப்6க்கு வருகிறது. இப்போது வெள்ளைக்கு ஓர் ஆசை: பிஷப்பை எஃப்7இல் வெட்டி ராஜாவுக்குச் செக். ராஜா அந்த பிஷப்பை வெட்டட்டும், டி8இல் ராணி காவலின்றி நிற்கிறதே! வெட்டியாயிற்று. உடனே கறுப்பு பிஷப் பி4க்குப் பாய்ந்து செக் சொல்கிறது. அது நகர்ந்ததில் எச்8 யானைக்கு வழி திறந்து, டி8இல் நிற்கும் வெள்ளை ராணியும் குறியில் சிக்குகிறது. ராணி டி2க்குத் திரும்பி செக்கை மறைக்கிறது. பிஷப் அதை வெட்ட, குதிரை பிஷப்பை வெட்டுகிறது.

புழுதி அடங்கினால் ஆளுக்கு ஐந்து சிப்பாய், இரண்டு யானை, இரண்டு குதிரை, ஒரு பிஷப். அந்த பிஷப்புகளும் எதிரெதிர் நிறக் கட்டத்தவை. ஒன்றை ஒன்று தொடவே முடியாது. டிராவுக்கு வாகான நிலை இது. கறுப்புக்கு ராணிப் பக்கம் மூன்று சிப்பாய், வெள்ளைக்கு ஒன்றுதான் என்பதால் இழுத்துப் பார்க்கக் கொஞ்சம் இடம் உண்டு. தாக்குவதற்காகவே கேம்பிட் ஆடுகிறவருக்கோ இது ருசிக்காது. அவர் எஃப்7 ஆசையை விட்டுவிட்டு, குதிரையை சி3க்குக் கொண்டுவரலாம். இருந்தும், இந்தப் பதில் பரவியபின் பெரிய போட்டிகளில் டேனிஷுக்கு மவுசு குறைந்தது.

டிரா மன்னன் என்றே ஷ்லெக்டருக்குப் பெயர். 1910இல் உலகச் சாம்பியன் லாஸ்கருடன் ஆடிய 10 ஆட்டங்களில் 8 டிரா. ஒரு புள்ளி முன்னிலையோடு கடைசி ஆட்டத்துக்கு வந்தவர், டிராவுக்கு வழி இருந்தும் அதை எடுக்காமல் 71 நகர்த்தல்களில் தோற்றார். 5-5 என முடிந்ததால் பட்டம் லாஸ்கரிடமே தங்கியது.