அமெரிக்கக் கல்லூரியில் இடம்: மைதானத்தில் ஓடினால் மட்டும் போதுமா?

டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர். உயரம் தாண்டுதலில் அவர் காட்டிய திறமையைப் பார்த்து, 2017-ல் உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்டது அமெரிக்காவின் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம். 2018, 2022 என இரண்டு முறை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான தேசியப் பட்டத்தை வென்றார். கூடவே பட்டப்படிப்பையும் முடித்தார்.

இப்படியொரு செய்தியைப் படித்ததும், ‘பிள்ளை நன்றாக விளையாடினால் போதும், கல்லூரிச் செலவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனால், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பே சொல்லும் கணக்கு வேறு. பள்ளியில் விளையாடுபவர்களில் சுமார் 2 சதவிகிதம் பேருக்குத்தான் விளையாட்டு உதவித்தொகை கிடைக்கிறது. அதிலும் பலருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதி மட்டுமே.

எந்தப் பிரிவு, எவ்வளவு பணம்?

என்.சி.ஏ.ஏ.வில் சுமார் 1,100 கல்லூரிகள் மூன்று பிரிவுகளாக உள்ளன. முதல் இரண்டு பிரிவுகளில் விளையாட்டு உதவித்தொகை உண்டு. மூன்றாம் பிரிவில் கிடையாது. முதல் பிரிவில் இருந்தாலும் ஹார்வர்டு, யேல் போன்ற ‘ஐவி லீக்’ பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்காகப் பணம் தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்தே உதவுகின்றன. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் பலவற்றில், நல்ல மதிப்பெண் இருந்தால் படிப்புக்கான உதவித்தொகை கிடைக்கும்.

9-ம் வகுப்பிலேயே கணக்கு தொடங்குகிறது

முதல் பிரிவில் விளையாட, 9 முதல் 12-ம் வகுப்பு வரை ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் உள்ளிட்ட 16 முக்கியப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். அவற்றில் 10 பாடங்கள் 12-ம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு, ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருப்பது கட்டாயம். சராசரி, 4-க்கு குறைந்தது 2.3. இரண்டாம் பிரிவுக்கு 2.2.

9-ம் வகுப்பில் கோட்டைவிட்ட கணிதப் பாடத்தைக் கடைசி வருடத்தில் சரிக்கட்டலாம் என்று நினைத்தால், இந்த 10 பாட விதியில் மாட்டிக்கொள்ள நேரிடும்.

எஸ்.ஏ.டி. இனி வேண்டாமா?

2023 ஜனவரியில், விளையாடுவதற்கான தகுதிக்கு எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண் தேவையில்லை என என்.சி.ஏ.ஏ. முடிவெடுத்தது. இதைக் கேட்டுத் தேர்வையே விட்டுவிடுவதுதான் ஆபத்து. களத்தில் இறங்கும் தகுதி வேறு, கல்லூரியில் இடம் கிடைப்பது வேறு. எம்.ஐ.டி., ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட நிறுவனங்கள் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கேட்கத் தொடங்கிவிட்டன. படிப்பு உதவித்தொகைக்கும் பல கல்லூரிகள் அதைப் பார்க்கின்றன.

இன்னொரு முக்கியமான விஷயம், காயம். முழங்கால் ஒருமுறை பிசகினால் விளையாட்டு வாழ்க்கையே திசைமாறலாம். மதிப்பெண்ணுக்காகக் கிடைத்த உதவித்தொகையோ, படிப்பில் சறுக்காதவரை கையைவிட்டுப் போகாது.

சீசனோடு மோதாத தேதி

எஸ்.ஏ.டி. இப்போது கணினி வழித் தேர்வு. 2 மணி 14 நிமிடம், 1,600 மதிப்பெண். மார்ச், மே, ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடக்கிறது. பெரும்பாலும் சனிக்கிழமை. போட்டிகளும் அன்றுதான்!

அமெரிக்கப் பள்ளிகளில் கால்பந்து, வாலிபால் ஆடுபவர்களுக்கு இலையுதிர் காலம் ஓய்வில்லாதது. அவர்கள் 11-ம் வகுப்பில் மார்ச் அல்லது மே மாதத் தேர்வை எழுதுவது நல்லது. தடகளம், சாஃப்ட்பால் போன்ற வசந்தகால விளையாட்டுக்காரர்களுக்கு ஆகஸ்ட் அல்லது டிசம்பர் வசதி. கூடைப்பந்து, நீச்சல், மல்யுத்தம் என்றால் குளிர்காலம் முடிந்ததும் எழுதலாம். இரண்டாவது முறை எழுதவும் ஒரு தேதியை ஒதுக்கி வைக்க வேண்டும்.

முதல் பிரிவின் பெரும்பாலான விளையாட்டுகளில், 10-ம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் பயிற்சியாளர்கள் மாணவரை நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். ‘உன் மதிப்பெண் என்ன?’ என்பது அவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று. கையில் பதில் இருப்பவருக்குப் பேச்சு எளிதாகும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு

9-ம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியல்களையும் பத்திரப்படுத்துங்கள். என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையத்தில் பதிவுசெய்ய அவை தேவை. பரிசுப்பணம் வாங்கும் முன் விதியைப் பார்த்துவிடுங்கள். விளம்பர வருமானம் ஈட்ட அமெரிக்க மாணவர்களுக்கு 2021 முதல் அனுமதி உண்டு. மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கட்டுப்பாடுகள் உள்ளதால், அதை நம்பிச் செலவுக்குத் திட்டமிட வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

* உதவித்தொகை ஓராண்டுக்கா, நான்கு ஆண்டுகளுக்கா?
* காயம் பட்டால் தொடருமா?
* கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம்... எதெல்லாம் அடங்கும்?
* படிப்பு உதவித்தொகையையும் சேர்த்து வாங்கலாமா?
* பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் என்ன ஆகும்?
* விரும்பும் பாடத்தின் ஆய்வக நேரம், பயிற்சி நேரத்தோடு மோதுமா?

கடைசியாக ஒன்று. பயிற்சியாளர் வாயால் சொல்லும் உறுதி ஒப்பந்தம் ஆகாது. எழுத்தில் வரும்வரை, இன்னும் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டுவைப்பதே புத்திசாலித்தனம். அணியில் இடம் கிடைக்காவிட்டாலும் படிக்க ஆசைப்படும் கல்லூரி ஒன்றாவது அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.