அந்தப் பந்து கோட்டைத் தாண்டியதா?

1966 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த, இங்கிலாந்தின் மூன்றாவது கோல் உண்மையிலேயே கோலா? இங்கிலாந்தில் ஒரு தாத்தாவைக் கேட்டால், "கோல்தான், என் கண்ணால பார்த்தேன்" என்பார். ஜெர்மனியில் ஒரு தாத்தாவைக் கேட்டால், "கோலே இல்லை, நானும் என் கண்ணாலதான் பார்த்தேன்" என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அது எப்படி? வாருங்கள், பார்க்கலாம்.

1966 ஜூலை 30, லண்டன் வெம்பிளி மைதானம். இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதுகின்றன. ஆட்டம் முடியும் நேரத்தில் ஜெர்மனியின் வெபர் ஒரு கோல் போட்டு 2-2 என்று சமன் செய்துவிட்டார். கூடுதல் நேரம் தொடங்கியது. 101ஆவது நிமிடம். வலப்பக்கத்திலிருந்து ஆலன் பால் அனுப்பிய பந்தை வாங்கி, சட்டென்று திரும்பி, ஹர்ஸ்ட் ஓங்கி உதைத்தார். பந்து குறுக்குக் கம்பத்தின் அடிப்பக்கத்தில் மோதி, நேராகக் கீழே விழுந்து, துள்ளி வெளியே வந்தது. அதே வெபர் ஓடிவந்து தலையால் முட்டி அதைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார். பக்கத்திலேயே நின்ற இங்கிலாந்தின் ரோஜர் ஹன்ட், பந்தை மறுபடி உள்ளே தள்ளக்கூடப் பார்க்காமல் கைகளைத் தூக்கிக் கொண்டாடத் தொடங்கிவிட்டார்.

சுவிட்சர்லாந்து நடுவர் டீன்ஸ்டுக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஓரத்தில் நின்ற லைன்ஸ்மேன் தோஃபிக் பக்ராமோவிடம் ஓடினார். அஜர்பைஜானைச் சேர்ந்த பக்ராமோவ் தலையசைத்தார். கோல்! கடைசி நிமிடத்தில் ஹர்ஸ்ட் இன்னொன்றும் போட, 4-2 என்று கோப்பை இங்கிலாந்துக்குப் போனது. அஜர்பைஜானின் பாகூ நகரில் உள்ள ஒரு பெரிய மைதானத்துக்கு இன்று பக்ராமோவின் பெயர்தான்.

விதி என்ன சொல்கிறது? பந்தின் ஒரு நூலளவுகூடக் கோட்டின் மேல் இருக்கக் கூடாது. முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்ட வேண்டும். பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 22 செ.மீ., கோட்டின் அகலம் அதிகபட்சம் 12 செ.மீ. பந்து தரையைத் தொட்டு எழும்ப நூறில் ஒரு நொடி போல ஆகும். அதற்குள் இதையெல்லாம் கண் அளந்துவிட முடியுமா? கேமராவுக்கே கஷ்டம். நொடிக்கு 25 படம் எடுக்கும் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வந்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 60 செ.மீ. நகர்ந்துவிடும். பந்து தரையைத் தொட்ட அந்தக் கணம் எந்தப் படத்திலும் விழாமலே போகலாம்.

கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாததை மனம் நிரப்பிவிடும். எப்படி நிரப்பும்? பெரும்பாலும் நம் ஆசைப்படிதான். 1951இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் பல்கலைக்கழகங்களுக்கு இடையே முரட்டுத்தனமான ஓர் ஆட்டம் நடந்தது. அமெரிக்கப் பாணிக் கால்பந்து. பிறகு ஹேஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படத்தை இரண்டு பக்க மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். ஒரே படம்தான். ஆனால் டார்ட்மவுத் அணி செய்த தவறுகள் என்று டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணிச் சொன்னார்கள்!

பார்க்கும்போதே இப்படி என்றால், ஐம்பது வருடம் கழித்து நினைவுகூரும்போது?

ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். அன்று இங்கிலாந்து வீரர்கள் சிவப்புச் சட்டை போட்டிருந்தார்கள். பந்து ஆரஞ்சு நிறம். ஆனால் பிரிட்டனில் வண்ணத் தொலைக்காட்சி வந்ததே 1967இல்தான். வீட்டில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு எல்லாமே கறுப்பும் வெள்ளையும் சாம்பலும்தான். அவர்களில் ஒருவர் இன்று கண்ணை மூடும்போது ஹர்ஸ்ட் சிவப்புச் சட்டையில் ஓடினால், அந்தச் சிவப்பு அன்று வந்ததில்லை. பிறகு பார்த்த புகைப்படங்களும் வண்ணத் திரைப்படமும் சேர்த்த சிவப்பு அது. எந்த நிறம் எப்போது வந்து ஒட்டியது என்று மூளை தனியாகக் குறித்து வைப்பதில்லை.

நம் நினைவு வாசல் கோலம் மாதிரி. புள்ளிகள் சில மட்டும் மனதில் நிற்கும். ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் கோடுகளைப் புதிதாக இழுக்கிறோம். பெரிய மகிழ்ச்சியோ அதிர்ச்சியோ வரும்போது மூளையில் அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொண்டு, நினைவுகளைப் பதிய உதவும் ஹிப்போகாம்பஸை முடுக்கிவிடுகிறது. அதனால் சில புள்ளிகள் அழுத்தமாகப் பதிகின்றன. ஆனால் கோடுகள் தப்பாகப் போகாது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே அமெரிக்க உளவியலாளர் உல்ரிக் நெய்சர் தன் மாணவர்களிடம், செய்தி கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள் என்று எழுதி வாங்கினார். இரண்டரை வருடத்துக்கு மேல் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்டார். ஏறக்குறைய நாலில் ஒருவர் முக்கியமான விவரங்கள் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னார். அதுவும் மிக உறுதியாக! முன்பு அவர்களே எழுதிய தாளை எடுத்துக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை.

சரி, ஹர்ஸ்ட் அடித்த பந்து என்ன ஆனது? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இயன் ரீட், ஆண்ட்ரூ ஜிஸர்மன் இருவரும் வேறு வேறு கோணத்தில் எடுத்த படங்களைக் கணினியில் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார்கள். 1996இல் வந்த அவர்கள் ஆய்வின் முடிவு: பந்து கோட்டை முழுவதும் தாண்டவில்லை.

2010 உலகக் கோப்பையில் கதை தலைகீழானது. அதே இரண்டு நாடுகள்தான். இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே நன்றாகவே விழுந்தது. நடுவர் கோல் தரவில்லை. அதன் பிறகு, 2014 பிரேசில் உலகக் கோப்பையில் ஒவ்வொரு கோல் வலைக்கும் ஏழு கேமராக்கள் வைத்தார்கள். பந்து தாண்டியதும் நடுவரின் கைக்கடிகாரத்துக்குச் செய்தி வந்துவிடும். பிரான்ஸ் - ஹோண்டுராஸ் ஆட்டத்தில், சந்தேகமான ஒரு பந்துக்கு உலகக் கோப்பையில் முதன்முறையாக அந்தக் கருவி கோல் என்று தீர்ப்புச் சொன்னது.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். உங்களுக்குப் பிடித்த அணியின் அடுத்த பெரிய ஆட்டம் முடிந்த அன்றே, நண்பர்கள் நாலைந்து பேர் தனித்தனியாக எழுதுங்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? முதல் கோல் எந்தக் காலால் அடித்தது? எதிரணி கோல்கீப்பரின் சட்டை என்ன நிறம்? தாள்களை உறையில் போட்டு ஒட்டி ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளுக்கு மறுபடி பதில் எழுதுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில், எவ்வளவு உறுதி என்று பத்துக்கு மதிப்பெண்ணும் போடுங்கள். அதற்குப் பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். தப்பான பதில்களுக்கு எத்தனை மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.