முறம் போன்ற செவி

விநாயகர் சதுர்த்தியும் நவராத்திரியும் நெருங்குகையில், பள்ளிகளிலும் கோயில் மண்டபங்களிலும் குழந்தைகளுக்கான மாறுவேடப் போட்டிகள் களைகட்டுகின்றன. கண்ணனுக்கு மயிற்பீலியும் முருகனுக்கு வேலும் போதும். பிள்ளையார் வேடம் என்றால்தான் பெற்றோருக்குக் கவலை. கடையில் கிடைக்கும் யானை முகமூடி குழந்தையின் மூக்கையும் வாயையும் மூடிவிடுகிறது. மனப்பாடம் செய்த சுலோகம் வெளியே கேட்பதில்லை. முகத்தைத் திறந்தபடி விட்டு, இரு பெரிய செவிகளை மட்டும் வீட்டிலேயே செய்து பொருத்தினால், நெற்றித் திருநீறும் கை மோதகமும் சேர்ந்து கணபதியைக் கண்முன் நிறுத்திவிடும்.

வேடம் புனைவது நம் மரபில் வெறும் பொழுதுபோக்கு அன்று. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில், பக்தர்கள் நேர்ந்துகொண்டு, காப்புக் கட்டி, விரதமிருந்து, காளியாகவும் குரங்காகவும் கரடியாகவும் வேடமேற்கின்றனர். வீதிதோறும் பெற்ற காணிக்கையை அன்னையின் உண்டியலில் சேர்க்கின்றனர். அங்கே வேடமே நேர்த்திக்கடன்.

இரு திருநாமங்கள்

விநாயகருக்குரிய பதினாறு நாமங்களுள் இரண்டு அவருடைய செவியைப் போற்றுபவை. ஒன்று கஜகர்ணகர், யானைச் செவி உடையவர், மற்றொன்று சூர்ப்பகர்ணர். சூர்ப்பம் என்பது முறம். சல்லடை நல்ல மாவைக் கீழே விட்டுக் கப்பியைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். முறமோ பதரைப் புடைத்துத் தள்ளி மணியைக் காக்கும். அடியார் சொல்வனவற்றுள் குற்றத்தைத் தள்ளி அன்பை மட்டும் ஏற்கும் செவி அது என்று பெரியோர் பொருள் உரைப்பர்.

செவி செய்யும் முறை

ஒரகடத்திற்கும் படப்பைக்கும் இடையே, வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் உள்ளது சேரப்பணஞ்சேரி. தொழிற்சாலைகள் சூழ்ந்த இத்தகைய ஊர்களில், தந்தை இரவுப் பணியும் தாய் பகற்பணியுமாக இருக்கும் இல்லங்கள் பல. வேடத்திற்கென நாள் முழுதும் ஒதுக்குவது அவர்களுக்கு அரிது; இதற்கு ஒரு மாலைப் பொழுதே போதும்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு 20 செ.மீ. உயரமும் 15 செ.மீ. அகலமும் உள்ள செவி பொருந்தும். செய்தித்தாளை இரண்டாக மடித்து வெட்டினால் இரு செவிகளும் ஒரே அளவில் அமையும். அந்த அளவை, புதுச் சட்டைக்குள் வைத்து வரும் மெல்லிய அட்டையில் வரைந்து வெட்டலாம். பொருள்கள் வரும் தடித்த அட்டைப்பெட்டி கனமானது. குழந்தையின் தலையை இழுக்கும். அடிப்பகுதியில் 5 செ.மீ. கீறி, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித் தைத்தால், செவி முறம்போலவே குழியும். பழைய பருத்தி வேட்டித் துணியை மைதாப் பசையால் ஒட்டி, நிழலில் உலர்த்தி, ஹேர்பேண்டில் நூலால் தைத்துவிட வேண்டும்.

கம்பியும் ஊசியும் வேண்டா. அட்டையும் துணியும் எளிதில் தீப்பற்றுபவை. ஆகவே செவி அணிந்த குழந்தையைக் குத்துவிளக்கின் அருகிலோ கற்பூரத் தட்டின் அருகிலோ நிறுத்தலாகாது. ஆரத்தியைப் பெரியவர்கள் சற்றுத் தள்ளி நின்றே எடுக்க வேண்டும்.

மூடாத காது

செவியைக் குழந்தையின் காதுக்குப் பின்னே, விசிறிபோல் நிற்கும்படி பொருத்துவதே முக்கியம். காதின் மேல் ஒட்டிவிட்டால், மேடையில் பெயர் அழைப்பதும் தாய் எடுத்துக்கொடுக்கும் முதற்சொல்லும் கேளாமல் குழந்தை மிரண்டுவிடும். கணபதியின் காதுகளை அணிந்த பிள்ளைக்குத் தன் காது கேளாமற்போவது பொருந்துமா?

பக்தி நெறிகள் ஒன்பதனுள் முதலாவது சிரவணம், அதாவது கேட்டல். சேரப்பணஞ்சேரிக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டு அவதரித்த இராமாநுசர், திருமந்திரப் பொருளைக் கேட்பதற்காகத் திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்தார் என்று குருபரம்பரை கூறும்.

செவியைத் தைக்கும் அந்த மாலையில் குழந்தையை அருகே அமர்த்தி, சூர்ப்பகர்ணர் என்னும் நாமத்தின் கதையைச் சொல்லலாம். பரிசு ஒரு குழந்தைக்கே கிட்டும். அட்டைச் செவியும் அடுத்த மழைக்கு நைந்துபோகும். பெற்றோர் வாயிலாகக் கேட்ட கதையோ பிள்ளையின் காதில் நிலைத்து நிற்கும்.