பறக்கும் களிம்பு

1545ஆம் ஆண்டு வாக்கில், ஐரோப்பாவின் லொரேன் பிரதேசத்தில், சூனியக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைப்பட்ட ஒரு தம்பதியின் குடிசையைச் சோதித்தபோது, பச்சை நிறக் களிம்பு பாதியளவு நிரம்பிய ஜாடியொன்று அகப்பட்டது. சூனியக்காரிகள் இத்தகைய களிம்பைப் பூசிக்கொண்டே ஆகாய மார்க்கமாய்ப் பறந்து பிசாசின் சபைக்குச் செல்கிறார்கள் என்பது அக்காலத்து ஜனங்களின் நம்பிக்கை. அங்கே வைத்தியராயிருந்த ஸ்பானியர் ஆந்த்ரேஸ் லகுனாவோ, அதன் கனத்த துர்நாற்றத்தைக் கொண்டே ஹெம்லாக், நைட்ஷேட், ஹென்பேன், மாண்ட்ரேக் போன்ற மயக்க மூலிகைகள் அதில் சேர்ந்திருப்பதாக ஊகித்தார்.

கணவன்மேல் கொண்ட சந்தேகத்தால் உறக்கமிழந்து நோயுற்றிருந்த, மரண தண்டனை நிறைவேற்றும் சேவகனின் மனைவிக்கு, அக்களிம்பை அவர் உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசச் செய்தார். முயலைப்போல் விழி திறந்தபடியே உறங்கிப்போன அவள், 36 மணி நேரத்துக்குப் பிறகு பெரும்பாடுபட்டு எழுப்பப்பட்டதும், சகல சுகங்களுக்கும் நடுவிலிருந்த தன்னை ஏன் எழுப்பினீர்கள் என்று கோபித்துக்கொண்டதோடு, கணவனைவிட இளமையான ஒருவனோடு கூடியிருந்ததாகவும் சொன்னாள். படுக்கையைவிட்டு நகராதவளின் இந்த அனுபவத்தை, பண்டைய கிரேக்க வைத்தியர் டயாஸ்கோரிடிஸின் மூலிகை நூலுக்குத் தாம் எழுதிய உரையில் 1555இல் லகுனா அச்சிட்டார். சூனியக்காரிகளின் பிரயாணமெல்லாம் மூலிகை விளைத்த சித்தப்பிரமையே என்பது அவர் முடிவு.

ஹென்பேன், மாண்ட்ரேக் ஆகியவற்றிலும், நம்மூர் ஊமத்தையிலுங்கூட, அட்ரோபின், ஸ்கோபோலமின் முதலிய விஷச் சத்துக்கள் உண்டு. அவை சருமத்தின் வழியே இரத்தத்தில் கலந்து, நாவை வறளச் செய்து, கண்மணியை விரித்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, பொய்க் காட்சிகளை மெய்யென்றே மனத்தில் பதிக்கின்றன. கடற்பயணத்தில் குமட்டல் வராதிருக்கக் காதின் பின்புறம் ஒட்டும் மருந்துப் பட்டையிலிருந்து மூன்று நாட்களில் உடலில் ஊறும் ஸ்கோபோலமின் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான். செடிக்குச் செடி, இலைக்கு இலை வீரியம் மாறுபடுவதால், வீட்டில் காய்ச்சும் களிம்புக்கு அப்படியொரு அளவு கிடையாது. மேல்நாடுகளில் தம்மைச் சூனிய மார்க்கத்தாரென்று சொல்லிக்கொள்வோரில் சிலர், விஷச் செடிகளை விலக்கி, மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த மூலிகைகளால் இன்று களிம்பு செய்கிறார்கள். விஷச் செடியான பெல்லடோனாவையே கொழுப்பில் காய்ச்சுவோரும் இல்லாமலில்லை. கனவுக்குரிய அளவுக்கும் மரணத்துக்குரிய அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவான இவ்விஷயத்தில் விளையாடுவதை என் மனம் ஒருபோதும் ஒப்பாது.

ஆனால், அக்காலத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட பெண்கள் அத்தனை பேரும் களிம்பு பூசினார்கள் என்று நினைப்பது அவர்களுக்கு மறுபடியும் இழைக்கும் அநீதியாகும். 1611இல் ஸ்பெயினின் பாஸ்க் பிரதேசத்தில் ஊர் ஊராய்ச் சென்று விசாரித்த சமய நீதிபதி அலோன்ஸோ தெ சலசார், களிம்பென்று ஒப்படைக்கப்பட்ட 22 ஜாடிகளை மருத்துவர்களைக் கொண்டும் மிருகங்களுக்குக் கொடுத்தும் பரீட்சித்தார். ஒன்றிலும் யாதொரு சக்தியும் இல்லை. அதிகாரிகளின் நெருக்குதலுக்கு அஞ்சிய ஏழை ஜனங்கள் கையில் கிடைத்ததைக் கலந்து ஒப்படைத்த போலிச் சரக்கே அது. அவருடைய அறிக்கைகளின் பயனாய் 1614இல் சூனிய வழக்குகளுக்குக் கடுமையான சாட்சிய விதிகள் ஏற்பட்டன. லோக்ரோஞோ நகரில் சூனியக் குற்றத்துக்காக ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டதோ அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு.