உஷார்! காய்ச்சல் நேரத்து ‘நார்மல்’ ரிப்போர்ட்

கண் மஞ்சளாக இருக்கிறது, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது என்றால் நம் ஊரில் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: “காமாலைதான், கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடு!” பொறுங்கள். கல்லீரல் ஒரு பாவமும் அறியாததாக இருக்கலாம். ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருக்கலாம். அப்படியென்றால் மூலிகை அரைக்கிற ஒவ்வொரு நாளும் ரத்தம் இறங்குகிற நாள்.

இதைக் கண்டுபிடிக்க எழுதித் தரும் சோதனைகளில் ஒன்று ஹாப்டோகுளோபின். கல்லீரல் சுரக்கும் புரதம். சுமார் 120 நாள் வாழவேண்டிய சிவப்பணு பாதியில் உடைந்தால் உள்ளேயிருந்த ஹீமோகுளோபின் வெளியே கொட்டும். அது தனியே திரிந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. ஹாப்டோகுளோபின் அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டுமே சேர்ந்து அழியும். உடைப்பு மிஞ்சினால் புரதம் தீர்ந்துபோகும். பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு 30 முதல் 200 மில்லிகிராம் வரை இருக்கும். லேபுக்கு லேப் சற்று மாறும். அதற்குக் கீழே சரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

வில்லங்கம் இங்கேதான். காய்ச்சல், கிருமித்தொற்று, மூட்டு அழற்சி, ஸ்டீராய்டு எல்லாமே இந்தப் புரதத்தை ஏற்றிவிடும். சிவப்பணு உடைந்து ஒரு பக்கம் இறக்க, காய்ச்சல் மறுபக்கம் ஏற்ற, ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று வந்து உட்காரும். வீடே நிம்மதியாகத் தூங்கும், நோயாளியின் ரத்தம் மட்டும் கரைந்துகொண்டிருக்கும்! எண் குறைந்தாலும் உடனே பதற வேண்டியதில்லை. கல்லீரல் கெட்டவர்களுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் இது குறைவாகத்தான் இருக்கும். அதனால் அணு உடைந்தால் ஏறும் எல்.டி.ஹெச். என்ற நொதி, மஞ்சள் நிறமியான மறைமுக பிலிருபின், ரெட்டிகுலோசைட் என்ற இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை, ரத்தப் படல சோதனை ஆகியவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் பார்ப்பார். ஊசியில் ரத்தம் எடுக்கும்போதே அணுக்கள் உடைந்துவிட்டாலும் எல்.டி.ஹெச். பொய்யாக எகிறும். மறுபடி ரத்தம் கேட்டால் லேப்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

அணுக்களை உடைக்கும் வில்லன் சில சமயம் நம் பீரோவிலேயே இருக்கிறான். ஜி6பி.டி. என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் உண்டு, ஆண்பிள்ளைகளில் அதிகம். பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த பாட்டியின் பழைய பருத்திப் புடவையை எடுத்து, துவைக்காமல், காற்றாட உலர்த்தாமல் பச்சைக் குழந்தையைச் சுற்றுவது நம் பாசம். அந்த உருண்டை நாப்தலினாக இருந்தால், இந்தக் குறையுள்ள குழந்தைக்கு அதன் வாடையே சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சளை மூளை வரை ஏற்றிவிடக்கூடும். வைவாக்ஸ் மலேரியாவுக்குத் தரும் பிரைமாக்வின், தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் இரண்டும் இதே வேலையைச் செய்யும். பிரைமாக்வின் தொடங்கும் முன்பே ஜி6பி.டி. சோதனை பற்றிக் கேளுங்கள்.

மாத்திரையைப் போலவே, ஏற்றிய ரத்தம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அணுக்கள் உடையலாம். மாத்திரை தொடங்கிய சில நாளிலோ, ரத்தம் ஏற்றிய ஓரிரு வாரத்துக்குள்ளோ சிறுநீர் கறுத்து, முகம் வெளிறி, மூச்சு வாங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மாத்திரை அட்டையும் ரத்தம் ஏற்றிய சீட்டும் கையில் இருக்கட்டும்.