மிதி சொல்லும் செய்தி



ஓர் எந்திரத்தை ஓடச் செய்வது ஒரு கலை என்றால், அதனை வேண்டிய இடத்தில் நிறுத்துவது அதனினும் பெரிய கலை. மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் இறுதி முதல் 2014 வரை உருவாகி, நம் நாட்டுச் சாலைகளிலெல்லாம் உலாவிய அம்பாசடர் காரை நீங்கள் அறிவீர்கள். பாட்டனார் வைத்திருந்த வண்டி என்று அதனை இன்றும் பேணுவோர் உளர். நானும் அவர்களுள் ஒருவன். அவ்வண்டியின் பழைய வகைகளில் நான்கு சக்கரங்களிலும் இருப்பவை டிரம் பிரேக்குகளே. “ஐயா, பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை” என்று என் பழைய மாணவர் எவரேனும் வந்து கூறினால், நான் கேட்கும் முதற் கேள்வி, “மிதி என்ன சொல்கிறது?” என்பதுதான்.

மிதி பேசுமா என்று நீங்கள் நகைக்கலாம். பிரேக் வேலை செய்யும் முறையை எண்ணிப் பாருங்கள். அது பேசும் என்பது விளங்கும். காலால் மிதியை அழுத்துகிறோம். அது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயிலை அழுத்துகிறது. மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் கண்ட விதியை நீங்கள் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அவ்விதிப்படி, குழாய்களின் வழியே சென்ற அழுத்தம், சக்கரங்களில் உள்ள சிறு சிலிண்டர்களைத் தள்ளுகிறது. அவை, பிறை வடிவான பிரேக் ஷூக்களை வெளிப்புறமாக விரிக்கின்றன. ஷூவின்மேல் ஒட்டப்பட்டுள்ள லைனிங், சுழலும் டிரம்மின் உட்சுவரில் உராய்கிறது. வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது, வண்டி நிற்கிறது.

ஆகவே, இது மூன்று கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி. முதலாவது திரவத்தின் அழுத்தம், இரண்டாவது ஷூவின் நகர்ச்சி, மூன்றாவது உராய்வு. எந்தக் கண்ணி தளர்ந்தது என்பதை வண்டியைப் பிரிப்பதற்கு முன்னரே பெரும்பாலும் அறிந்து கொள்ளலாம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மிதியை அழுத்திப் பாருங்கள். அது வெகு ஆழம் சென்று, இரண்டு மூன்று முறை விரைந்து மிதித்தபின் மேலே வந்து உறுதியாக நின்றால், லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி மிகுந்துவிட்டது என்று பொருள். லைனிங் தேய்ந்திருக்கலாம், அல்லது ஷூக்களை நெருக்கி அமைக்க வேண்டியிருக்கலாம். மேலே வந்த மிதி உறுதியின்றிப் பஞ்சுபோல் அமுங்கினால், குழாயினுள் காற்றுக் குமிழி புகுந்திருக்கிறது. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். உங்கள் காலின் உழைப்பு குமிழியை நெருக்குவதிலேயே செலவாகிறது. ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்கும்போதே மிதி மெல்ல மெல்லக் கீழிறங்கினால், எங்கோ ஆயில் கசிகிறது. அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் பழுதாகிவிட்டது. அந்த நிலையில் வண்டியைச் சாலைக்குக் கொண்டுசெல்லலாகாது.

மிதி உயர்ந்தும் கடினமாகவும் இருந்து, வண்டி மட்டும் நிற்கவில்லையென்றால் என் செய்வது? அப்பொழுது பெரும்பாலும் திரவத்தின்மேல் பழியில்லை. மூன்றாவது கண்ணியாகிய உராய்வையே ஐயுற வேண்டும். என் மாணவர் ஒருவரின் வண்டிக்கு இந்நோய் வந்தது. பட்டறை ஒன்றில் மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாக மாற்றினார்கள், பணம் செலவாயிற்று, நோய் தீரவில்லை. பின்சக்கர டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். அச்சின் ஆயில் சீல் கிழிந்து, கியர் ஆயில் லைனிங்கை நனைத்திருந்தது. சீலையும் லைனிங்கையும் மாற்றியபின் வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், இழுக்கும் பக்கத்தையே பலரும் குற்றம் சாட்டுவர். பெரும்பாலும் அந்தப் பக்கம் தன் கடமையைச் செய்கிறது. மறுபக்கத்தில்தான் சிலிண்டர் துருவேறி இறுகியோ, லைனிங் நனைந்தோ இருக்கும்.

இனி, மலைப்பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் நன்றாகப் பிடிக்கும் பிரேக், மலையிறங்கும்போது கைவிடுவது ஏன்? குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்குகிறோம். அதில் வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அதே வண்டியை நூறு முறைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். அவ்வளவையும் பிரேக்கின் தலையில் சுமத்தினால், டிரம் சூடேறி விரிகிறது. லைனிங்கின் உராய்வு குறைகிறது. டிரம் பிரேக்கில் சுழற்சியின் போக்கில் அமைந்த ஷூ, உராய்வின் உதவியாலேயே மேலும் இறுகும் இயல்புடையது. ஆதலால் உராய்வு சிறிது குறைந்தாலும் நிறுத்தும் வலிமை பெரிதும் குறைந்துவிடும். ஆறியபின் அது மீண்டு வரும். ஆறும்வரை பள்ளம் காத்திருக்காது.

மலையில் மிதி திடீரெனப் பஞ்சுபோல் ஆகிவிட்டால், அது வேறு நோய். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. குறிப்பிட்ட அளவு ஈரம் ஏறியபின் 140 டிகிரி இருந்தால் போதும். நாட்பட்ட ஆயில் சூட்டில் கொதித்து ஆவிக் குமிழிகளை உண்டாக்கும். ஆதலால் குறித்த காலத்தில் ஆயிலை மாற்றுங்கள். தாழ்ந்த கியரில் இறங்கி, சுமையின் பெரும்பகுதியை என்ஜினுக்குக் கொடுங்கள்.

டிரம்மைத் திறக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. வாயால் ஊதுவதோ, காற்றுக் குழாயால் அடிப்பதோ கூடாது; ஈரப்படுத்தித் துடைத்தெடுத்து, துணியை மூடிய பையிலிட்டு அகற்ற வேண்டும்.

ஆயில் குறைந்ததென்று கண்டவுடன் மேலும் ஊற்றி மூடிவிடுவோர் உண்டு. குறைந்த ஆயில் எங்கே போயிற்று என்று கேட்பவனே அறிவியல் மாணவன். அக்கேள்வியைக் கேளாமல் விட்டால், அதற்கான விடையைச் சாலை ஒருநாள் சொல்லும். அப்பொழுது அது நம்மை மட்டுமன்றி, எதிரே வரும் பள்ளிக் குழந்தையையும் சேர்த்தே சோதிக்கும்.