அத்தை ஏன் படத்தில் இல்லை?

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருக்கிறது. காலஞ்சென்ற என் மாமனார் தறிக்குழியில் அமர்ந்து நெய்யும் படம். நான் மருமகளாகத் திருத்தணிக்கு வந்த நாளிலிருந்து, கிருத்திகைதோறும் அதைத் துடைத்துப் பொட்டு வைத்து வருகிறேன். அதில் ஏதோ குறைகிறது என்று இத்தனை வருஷமாக எனக்குத் தோன்றியதே இல்லை. போன மாதம்தான் தோன்றிற்று, அதுவும் வேறு சில படங்களைப் பார்த்த பிறகு!

கல்லூரியில் படிக்கும் என் மகள், "அம்மா, அடுப்பை அணைச்சிட்டு வா, ஒரு கண்காட்சி காட்டுறேன்" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

"கண்காட்சியா? ஆடிக் கிருத்திகைக்கு ராட்டினமும் வளையல் கடையும் போடுவாங்களே, அதுவா?" என்றேன்.

"இது புகைப்படக் கண்காட்சிம்மா. பேசாம பாரு."

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களின் கிராமங்களில் அலைந்து எடுத்த படங்கள் அவை. 'கண்ணுக்குத் தெரியும் வேலை, கண்ணுக்குத் தெரியாத பெண்கள்' என்பது தலைப்பின் பொருள். ஆரம்பத்தில் பேருந்து நிலையம், ரயில் நிலையம், தொழிற்சாலை வாசல், பள்ளி, கல்லூரி என்று ஜனங்கள் கூடுகிற இடங்களில் எல்லாம் இந்தப் படங்களை வைத்திருக்கிறார்கள். 2014 டிசம்பரில் சாய்நாத் தொடங்கிய 'பாரி' என்கிற கிராமிய ஆவணகம் பிறகு அவற்றை இணையத்தில் வைத்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கும்படி செய்துவிட்டது. எழுதுகிறவர்கள், படமெடுக்கிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள் எனப் பலர் கூடி, கிராமத்து அன்றாட வாழ்க்கையைப் பதிந்து வைக்கும் அமைப்பு அது.

முதலில் ஆந்திராவின் ஒரு செங்கல் சூளை. சூடு ஆறாத கற்களைத் தலையில் அடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு பலகை மேல் ஏறிப் போகிறார்கள் பெண்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளிலும் ஒரிசாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் இப்படித்தானே பாடுபடுகின்றன! பஸ்ஸில் போகும்போது எத்தனை தடவை பார்த்திருப்பேன்? பார்த்தேனே தவிர, கவனித்ததில்லை.

இன்னொரு படத்தில் நிலத்துக்காரர் நிமிர்ந்து நிற்கிறார். பெண்கள் எல்லாரும் குனிந்திருக்கிறார்கள். நாற்று நடுவது, களை எடுப்பது, பெருக்குவது, மெழுகுவது என்று பெண்ணின் வேலையில் முக்கால்வாசி குனிந்தே செய்கிற வேலைதான்! நம் புதுக்கோட்டைப் பெண்களும் உண்டு. கொத்தடிமையாகக் கல் உடைத்த குவாரியையே பின்னால் தாங்களே எடுத்து நடத்தியவர்கள் அவர்கள். அதைப் பார்த்தபோது மட்டும் மனசு கொஞ்சம் நிமிர்ந்தது.

கடைசியில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சாதாரணப் படம். வயதான பாட்டி ஒருத்தி தன் வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். இதற்குக் கூலியும் கிடையாது, இதை வேலை என்று யாரும் எண்ணுவதும் கிடையாது. 2024-ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த கணக்குப்படி, வீட்டு வேலை பார்க்கும் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிஷம் அதற்குச் செலவிடுகிறாள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்! வீட்டு வேலையில் கைகொடுக்கும் ஆண்களுக்கோ 88 நிமிஷம்தான்.

எழுந்து அடுக்களைக்குப் போகும்போது மாமனார் படம் கண்ணில் பட்டது. அவர் கையில் இருக்கிற நாடாவுக்குள் தார் எங்கிருந்து வந்தது? சிட்டத்து நூலைப் பிரித்து ராட்டையில் தாராகச் சுற்றிக் கொடுத்தது என் அத்தை. பாவுக்குக் கஞ்சி போட விடியற்காலையில் தெருவில் நின்றதும் அத்தைதான். தார் இல்லாமல் தறி ஓடுமா? ஆனால் சேலை விற்ற கணக்கு மாமனார் பெயரில், படமும் மாமனாருடையது.

சகோதரிகளே, இதில் என் தப்பும் உண்டு. சில வருஷம் முன்னால் அத்தைக்காக ஒரு விண்ணப்பம் நிரப்பினேன். 'தொழில்' என்ற இடத்தில், அவரை ஒரு வார்த்தை கேட்காமலே, 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு விசைத்தறிக்காக அன்றைக்கும் அவர் திண்ணையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார்!

அன்று சாயங்காலம் அவரிடம் இதைச் சொன்னேன். "அதனால என்னம்மா, நான் சும்மா உக்காந்து சுத்துறதுதானே" என்று சிரித்தார். ஐம்பது வருஷம் தரையில் வளைந்து உட்கார்ந்ததில் அவர் முதுகு இப்போது முழுசாக நிமிர்வதில்லை. சும்மா இருந்தா இப்படி ஆயிற்று?

மறுநாளே ராட்டையை ஒரு பலகை மேல் உயர்த்தி வைத்தோம். அத்தைக்கு முதுகு சாய ஒரு நாற்காலி. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நாலு எட்டு நடக்க வைக்கிறேன். நீங்களும் அரிவாள்மணையோ அம்மியோ துவைக்கிற கல்லோ, எதில் குனிந்தாலும் நடுநடுவே நிமிர்ந்து கொள்ளுங்கள். வலி வந்த பிறகு தைலம் தேடுவதைவிட இது மேல்.

மகள் அத்தையை ராட்டையோடு ஒரு படம் எடுத்துச் சட்டம் போட்டு வாங்கி வந்தாள். மாமனார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போனேன்.

"ஐயய்யோ, அங்கே மாட்டாதே! கிருத்திகை வந்தா எனக்கும் சேர்த்துப் பொட்டு வெச்சிடுவே" என்றார் அத்தை.

எனவே அலமாரி மேல், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்களை அத்தையே கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுகிறார். இனி எந்த விண்ணப்பம் வந்தாலும், அவர் தொழில் என்ன என்று எனக்குத் தெரியும்.